பாதாளமும் பள்ளமும்

சொல்லின் பொருளையும் பிறப்பையும் ஆராய்வது வேலையற்றோர் வேலை என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். வயிற்றுக்கும் வாழ்வுக்கும் வழிதேட வேண்டிய நேரத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வழக்காடுவானேன் என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆனால் வயிற்றுக்கும் வாழ்வுக்கும் உரிய வழக்கைச் சொல்லாலன்றி வேறெதனால் நடத்துவது? கூலி கேட்பதும் சொல்லால். கேட்டதை மறுப்பதும் சொல்லால். மறுத்ததைத் தலைவிதி என்று ஒப்புக்கொள்வதும் ஒரு சொல்லாலேயே நிகழ்கிறது. ஆதலின் ஒரு மக்கட்கூட்டம் தன் நிலையைக் குறிப்பதற்கு எந்தச் சொல்லை எடுத்து ஆள்கிறது என்பது புலவர்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சியன்று. அக்கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கவேண்டிய பொருளாகும்.

இங்கு நாம் ஆராயப் புகுவது, கண்ணுக்கு எட்டாத ஆழமுடைய ஒரு பிளவைக் குறிக்கும் சொல்லைப் பற்றி. மேடைப் பேச்சிலும் சிறுகதையிலும் பத்திரிகைத் தலைப்பிலும் அதற்கென்று நம்மவர் பெரிதும் வழங்குவது 'அதலபாதாளம்' என்பதே. விலை இறங்கினால் அதலபாதாளத்துக்கு இறங்குகிறது. குடும்பம் நொடித்தால் அதலபாதாளத்தில் விழுகிறது. தோட்டத்தில் இருப்பவனுக்கும் பட்டணத்தில் இருப்பவனுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வந்தாலும் அதே சொல் முன்னே வந்து நிற்கிறது. இச்சொல் எங்கிருந்து வந்தது? வரும்போது எப்பொருளைத் தன்னோடு கொண்டுவந்தது? நம் நிலைக்கு அது பொருந்துமா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை காண்போம்.

இதனை ஜெராம் வட்டாரத்தை முன்வைத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. மலாய் மொழியில் 'ஜெராம்' என்பது பாறைகளின்மேல் விரைந்து பாயும் நீரோட்டத்தைக் குறிக்கும். ஆனால் நாம் அறிந்த ஜெராம், கோல சிலாங்கூர்க் கரையில் சேற்றுக் கடலை ஒட்டிக் கிடக்கும் சமதரை. அங்கே பாறையும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. அதே கோல சிலாங்கூர் வட்டாரத்தில் 'தென்னமரம்' என்று தமிழ்ப் பெயர் பூண்ட ஒரு தோட்டம் உண்டு. 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் மலாயாவில் முதன்முதலாக வாணிகத்தின் பொருட்டுச் செம்பனை நட்டது அத்தோட்டத்திலேதான். பெயர் தென்னை, புகழ் செம்பனைக்கு! பெயர் ஒன்றும் பொருள் ஒன்றுமாக இருப்பது இவ்வட்டாரத்தார்க்குப் புதிதன்று. ஊர்ப்பெயரில் அதனால் கேடு ஒன்றும் விளையாது. தன் நிலையைக் குறிக்கும் சொல்லில் அவ்வேறுபாடு புகுந்தால் கேடு விளையும்.

மேலும், இச்சமதரையில் மலைப்பிளவு ஒன்றையேனும் காண இயலாது. கோல சிலாங்கூரின் மெலாவதிக் குன்றை விட்டால், அண்ணாந்து பார்க்கத்தக்க மேடே அருமை. இங்குள்ள தோட்டத்தொழிலாளர் தம் கண்ணால் கண்டு, தம் கையால் அளந்து அறிந்த ஆழம் ஒன்றே ஒன்று. அது தோட்டத்துக் கான். கடலோரத் தாழ்நிலத்தில் நீரை வடித்தாலன்றி ரப்பரும் நிற்காது, செம்பனையும் நிற்காது. ஆகவே காடழித்த நாள்முதல் கான் வெட்டுதல் அங்கே ஓயாத வேலை. பாதாளத்தை ஒருவரும் கண்டதில்லை. கானை எல்லாரும் கண்டிருக்கிறார்கள். ஆயினும் நம் எழுத்தாளர் பேனாவில் வருவது பாதாளமே.

இனி அச்சொல்லின் பிறப்பைக் காண்போம். அதலபாதாளம் என்பது ஒரு சொல்லன்று. இரு வடசொற்களின் கூட்டு. பூமிக்குக் கீழே ஏழு உலகங்கள் அடுக்கடுக்காக உள்ளன என்று புராணங்கள் கூறும். அதலம், விதலம், சுதலம், தராதலம், இரசாதலம், மகாதலம், பாதாலம் என்பன அவை. நூலுக்கு நூல் பெயரும் வரிசையும் சிறிது மாறுவதுண்டு. இவ்வரிசையின் தலையில் நிற்கும் அதலத்தையும் கடையில் நிற்கும் பாதாலத்தையும் சேர்த்துக் கூறிய தொடரே நம் வழக்கில் அதலபாதாளம் ஆயிற்று. 'தலம்' என்பது தரை அல்லது அடி. அதற்குமுன் இன்மையைக் குறிக்கும் அகரம் சேர, அதலம் என்பது அடியில்லாதது என்று பொருள்படும். பாதாலம் என்பதை, வீழ்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரோடு சேர்த்து விளக்குவாரும் உளர். ஆங்கிலத்தில் பேராழத்துக்கு வழங்கும் 'அபிஸ்' என்னும் சொல்லும் கிரேக்கத்திலிருந்து வந்ததே. அதன் பொருளும் அடியற்றது என்பதுதான். அளக்க முடியாததைக் கண்டு திகைத்த மனிதர், இரு வேறு நாடுகளில், ஒரே முறையில் பெயரிட்டிருக்கின்றனர்.

இங்கே ஒரு விந்தை. புராணக்காரர்க்குப் பாதாளம் துன்ப உலகமன்று. மணிகள் ஒளிவிட, இன்பங்கள் நிறைந்த அவ்வுலகம் இந்திரன் உலகினும் இனியது என்று நாரதர் வாயிலாகவே விஷ்ணு புராணம் பேசுகிறது. மாவலி கதையையும் எண்ணிப் பாருங்கள். நல்லரசன் என்று மக்களால் இன்றும் நினைக்கப்படும் அவன் கீழுலகுக்குப் போனது எவ்வாறு? கால் இடறி விழுந்தா? இல்லை, தலைமேல் ஒரு கால் வைத்து அழுத்தப்பட்டுப் போனான். கதையை நம்புவோரும் நம்பாதோரும் இதனை மறுக்கமாட்டார்கள். ஆழத்தில் இருப்பவன் விழுந்தவனாக இருக்கவேண்டும் என்பதில்லை; அழுத்தப்பட்டவனாகவும் இருக்கலாம் என்று அக்கதையே சொல்கிறது. நம் வழக்கிலோ மணியும் போயிற்று. மிதித்த காலும் போயிற்று. எஞ்சியது அடியற்ற ஆழமும், அதில் தானாக விழும் மனிதனுமே.

இச்சொல்லின்மேல் நாம் கூறும் குற்றம் அது வடசொல் என்பதன்று. எம்மொழிச் சொல்லாயினும் மெய்யைச் சொல்லுமாயின் ஏற்கத்தக்கதே. குற்றம் வேறு. அடியில்லாதது என்று கூறிய அக்கணமே, அளக்க வேண்டுவதில்லை என்றும், இறங்கிப் பார்க்க வேண்டுவதில்லை என்றும், நிரப்ப முடியாது என்றும் நாம் ஒப்புக்கொண்டு விடுகிறோம். அது யாரால் உண்டாயிற்று என்ற கேள்வியும் எழுவதில்லை. ஏனெனில் பாதாளத்தை எவனும் தோண்டவில்லை. அது படைப்பிலேயே இருக்கிறது. சொல்பவன் உணர்ச்சி மேலிட்டுச் சொல்கிறான். கேட்பவன் பெருமூச்சு விடுகிறான். இருவரும் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள்.

கல்லாத மக்கள் இவ்வகையில் நம் எழுத்தாளரினும் அறிவுடையோராய் இருந்திருக்கின்றனர். கிணற்றில் வாளி விழுந்தால் எடுப்பதற்கு, பல கொக்கிகள் பொருத்திய ஓர் இரும்புக் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அதற்குப் பாதாளக் கரண்டி என்று பெயர். புராணத்தின் ஏழாம் உலகத்தை எடுத்து, கிணற்றின் அடிக்குப் பெயராக வைத்து, அங்கிருந்து வாளியை மீட்டு வந்தவன் குடியானவன்! பணம் பாதாளம் மட்டும் பாயும் என்ற பழமொழியும் அவனுடையதே. பணம் போய்ச் சேரக்கூடிய இடம் அடியற்ற இடமாக இருக்க முடியாது என்பதை அவன் அறிவான். மக்கள் அச்சொல்லுக்கு ஒரு தரை போட்டுக் கொடுத்தார்கள். கற்றோர் அத்தரையைப் பெயர்த்துவிட்டு, மீண்டும் அதலமாக்கி வைத்திருக்கின்றனர்.

இலக்கியத்திலும் இதற்குச் சான்று காணலாம். ஆழ்ந்த குகையைக் குறிக்கும் 'பிலம்' என்னும் வடசொல் சிலப்பதிகாரத்திலும் கம்பராமாயணத்திலும் பயில்வது. கிட்கிந்தா காண்டத்தின் ஒரு படலத்துக்குப் 'பிலம் புக்கு நீங்கு படலம்' என்றே பெயர். புகுதலோடு நீங்குதலும் அப்பெயரிலேயே இருக்கிறது. அக்காண்டத்தில் வரும் வாலி கதையை நினைவுகூர்க. பகைவனைத் துரத்திக்கொண்டு அண்ணன் பிலத்துள் புகுந்தான். நெடுங்காலம் வெளியே நின்ற தம்பி, அண்ணன் மாண்டான் என்று கருதி, வாயிலைக் குன்றினால் அடைத்துவிட்டு அரசு ஏற்றான். உள்ளே சென்றவனோ பகைவனைக் கொன்று மீண்டு வந்தான். வந்து, வழி அடைபட்டிருக்கக் கண்டான். உடன்பிறந்தார் பகை அங்கே தொடங்கிற்று. இராமகதையைப் பற்றி நமக்குள்ள கருத்து வேறுபாடுகள் ஒருபுறம் இருக்க, இந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை பெரிது. ஆழத்திலிருந்து மீள்வார் இல்லை என்று நம்புகிறவன், தீய எண்ணம் இல்லாதவனாயினும், வாயிலை அடைத்து விடுகிறான். அதலபாதாளம் என்று எழுதும் அன்பர்கள் செய்வதும் ஏறக்குறைய அதுவே.

நிற்க. தமிழில் இதற்குரிய சொற்கள் யாவை என்று பார்ப்போம். சங்க நூல்களில் மலைப்பிளவுக்கு வழங்குவது 'விடர்'. திறத்தல், நீங்குதல் என்னும் பொருளுடைய விள், விடு முதலிய சொற்களின் இனத்தோடு வைத்து எண்ணத்தக்கது அது. குறிஞ்சிப் பாட்டுகளில் விடர் அச்சம் தரும் வெறும்பாழாக நிற்பதில்லை. அதிலே விலங்கு வாழ்கிறது. அருவியின் முழக்கம் அதிலே எதிரொலிக்கிறது. மலைநாட்டார் அதைக் கடந்து போகவும் வரவும் செய்கின்றனர். ஆழமானது, ஆயினும் உலகத்தைச் சேர்ந்தது. 'பிளவு' என்பதோ பிள என்னும் வினையிற் பிறந்தது. பிளந்த மூங்கிலைப் பிளாச்சு என்கிறோம். பிளாச்சு என்றவுடன் கத்தியும் அதைப் பிடித்த கையும் நினைவுக்கு வரும். வினையிற் பிறந்த சொல்லின் சிறப்பு அது. செயல் இருந்தால் செய்தவன் இருக்க வேண்டும் அல்லவா?

'கிடங்கு' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. கிட என்னும் அடியோடு உறவுடைய அச்சொல், பழந்தமிழில் கோட்டையைச் சூழ்ந்த அகழியைக் குறித்தது. ஆழ்ந்த குழியையும் குறித்தது. யாழ்ப்பாணத்தார் இன்றும் குழியைக் கிடங்கு என்றே சொல்கின்றனர். பின்னர் அது பண்டங்களைச் சேர்த்து வைக்கும் இடத்துக்குப் பெயராயிற்று. மலாய் மொழியின் 'குடாங்', ஆங்கிலேயரின் 'கோடவுன்' ஆகியவை தமிழ், தெலுங்குச் சொற்களின் வழிவந்தவை என்பது அறிஞர் பலர் கருத்து. தோட்டத்தில் ரப்பர்த் தகடு அடுக்கிய குடாங், பழைய தமிழ்க் கோட்டையின் அகழியோடு பெயரால் உறவு கொண்டாடுகிறது! குழியைக் கண்டு திகைத்து நில்லாமல், அதை நிரப்பிப் பயன்கொண்ட ஓர் இனத்தின் அறிவு அச்சொல்லில் படிந்திருக்கிறது.

இவை எல்லாவற்றினும் எளியது 'பள்ளம்'. மலையாளத்தில் பள்ளம், தெலுங்கில் பல்லமு, கன்னடத்தில் ஹள்ள என்று இனமொழிகளிலெல்லாம் அது வேரூன்றியிருக்கிறது. கன்னடத்தார் ஓடையையும் அச்சொல்லாலேயே குறிப்பர். குழந்தையும் அறிந்த சொல் என்பதால் நம் எழுத்தாளர் அதனை எளிதாக எண்ணிவிட்டனர் போலும். ஆனால் பள்ளம் என்ற சொல்லுக்கு மற்றச் சொற்களுக்கு இல்லாத ஒரு துணை உண்டு. அது மேடு. மேடுபள்ளம் என்று இரண்டையும் சேர்த்தே தமிழர் பேசி வந்திருக்கின்றனர். மேடு இல்லாத இடத்தில் பள்ளம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஜெராம் பக்கத்துத் தோட்டங்களில் கான் வெட்டியவரைக் கேளுங்கள். இதை நம்மினும் நன்றாக விளக்குவார். மண்வெட்டி ஒருமுறை இறங்கினால் ஒரு கட்டி மண் மேலேறும். அம்மண் காற்றில் கரைந்து போவதில்லை, கரையில் குவிகிறது. கான் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குக் கரையும் உயர்கிறது. பின்னர் அக்கரைமேல் ஒருவன் நடந்து போகிறான். கானுக்குள் நிற்பவன் அண்ணாந்து பார்க்கிறான். உயரம் வேறு, ஆழம் வேறு என்று அவனுக்குத் தோன்றலாம். இரண்டும் ஒரே மண். கரையை உயர்த்தியது கானிலிருந்து போன மண்ணே. இவ்வுண்மை பாதாளம் என்ற சொல்லில் இல்லை. பள்ளம் என்ற சொல்லில் இருக்கிறது. நாம் இவ்வளவு தூரம் வாதாடுவது இதன்பொருட்டே.

பாதாளத்துக்கு நேர்மாறான வேறொரு பிழையும் உண்டு. மலாய் மொழியில் மலைப்பிளவை 'ஜுராங்' என்பர். வருமானத்தில் மக்களுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வையும் மலாய்ப் பத்திரிகைகள் அச்சொல்லாலேயே எழுதுகின்றன. அதைத் தமிழாக்குவோர் 'இடைவெளி' என்று எழுதிவிட்டு அமைதி அடைகின்றனர். இடையே உள்ள வெளி இடைவெளி. இரு நாற்காலிகளுக்கு நடுவில் இருப்பதும் இடைவெளி. இரு வரிகளுக்கு நடுவில் அச்சுக்கோப்பவர் விடுவதும் இடைவெளி. அதில் ஆழமும் இல்லை, மேடும் இல்லை. ஒரு சொல் அடியே இல்லை என்று அச்சுறுத்துகிறது. மற்றது ஆழமே இல்லை என்று தாலாட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே மெய்யான பள்ளம் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

சொல் வேறுபட்டால் செயல் வேறுபடுமா என்று ஐயுறுவோர்க்கு வரலாற்றிலிருந்து சில காட்டுவோம். 1930ஆம் ஆண்டையொட்டி உலக வாணிகம் சரிந்தபோது ரப்பர் விலை விழுந்தது. 1932இல் மிகத் தாழ்ந்த நிலையை அடைந்தது. கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரம் தமிழ்த்தொழிலாளர் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். வேலை இழந்தவர்க்கு அது கெட்ட காலம் என்று சொல்லப்பட்டது, அவர்களும் நம்பினர். ஆனால் ரப்பர் முதலாளிமாரும் அவர்தம் அரசுகளும் அதனை விதி என்று விட்டுவிட்டார்களா? இல்லை. எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு தேவை, எவ்வளவு மிச்சம் என்று கணக்கிட்டார்கள். 1934இல் பிரிட்டன், இந்தியா, ஹாலந்து, பிரான்சு, சயாம் ஆகிய அரசுகள் ஒன்றுகூடி, ஏற்றுமதிக்கு அளவு கட்டி உடன்படிக்கை செய்துகொண்டன. ஒரே விலைவீழ்ச்சி, மேலே இருந்தவர்க்கு அது அளந்து நிரப்பத்தக்க பள்ளமாயிற்று, கீழே இருந்தவர்க்கு அதலபாதாளமாயிற்று.

அடுத்து, சயாம் மரண ரயில். ஜப்பானியர் ஆட்சியில், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர்ப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோகப்பட்டதையும், திரும்பாதவர் தொகை பெரிது என்பதையும் தோட்டக் குடும்பங்கள் அறியும். அப்பாதையில் கொன்யு என்னுமிடத்தில் பாறையைக் குடைந்து 25 மீட்டர் ஆழத்துக்கு வழி வெட்டப்பட்டது. சம்மட்டியும் உளியும் கொண்டு அதனைப் பெரும்பாலும் வெட்டியவர்கள் நேசநாட்டுப் போர்க்கைதிகள். இரவில் தீவட்டி வெளிச்சத்தில் எலும்புந்தோலுமான உருவங்கள் அசைவதைக் கண்டு, அவர்கள் அதற்கு நரகநெருப்புக் கணவாய் என்று பெயரிட்டனர். உழைத்து மாண்டவர் வேதனையில் இட்ட பெயர் அது. அதை நாம் குறைகூறோம். ஆனால் கணவாய் என்பது இயற்கை தந்த வழி. நரகம் என்பது மறுமையில் உள்ளது. பொறியாளர் ஏட்டில் அதன் பெயர் 'கொன்யு வெட்டு'. உணர்ச்சியற்ற அந்தச் சிறு சொல்லே அங்கு நடந்ததைக் காட்டிக்கொடுக்கிறது. வெட்டு என்றால் வெட்டியவன் உண்டு. வெட்டச் சொன்னவனும் உண்டு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் அக்கொடுமையைப் பொருளாகக் கொண்டவை. இத்தகைய பொருளை இனியும் எழுத வருவோர், நரகம் என்று சொல்லி நிறுத்தாமல், யார் ஏற்றி அனுப்பினார், எந்த நோய் கொன்றது, எத்தனை நாள் சோறு இல்லை என்று வெட்டின் வரலாற்றை எழுத வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

மூன்றாவது, நம் வட்டாரத்துக்கு இன்னும் அணித்தானது. 1941இல் கிள்ளானில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய தோட்டத்தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நினைவூட்டுகிறோம். தலைவர் ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளர்க்கு ஒத்த கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும். உறவினர் வந்துபோகத் தடை கூடாது. துரையையும் கிராணியையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும். இலக்கியம் பயின்றோர் இப்பட்டியலை ஒருமுறை இலக்கியமாகவே படித்துப் பார்க்கவேண்டும். இதில் பாதாளம் இல்லை, விதி இல்லை, கண்ணீரும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அளவு இருக்கிறது. மிதிவண்டியின் ஆசனத்திலிருந்து தரைவரையுள்ள இரண்டு மூன்று அடி உயரத்தில், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே தோண்டப்பட்ட பள்ளத்தின் ஆழம் முழுவதையும் அவர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். அளந்து காட்டப்பட்டதை மறுக்க ஆள்வோர் துப்பாக்கியைத் தேட வேண்டியதாயிற்று. பெருமூச்சுக்கு எதிராக எவரும் துப்பாக்கி தூக்குவதில்லை.

நம் கருத்துக்கு இரண்டு மறுப்புகள் வரக்கூடும். உயர்வுநவிற்சி இலக்கியத்துக்கு அணி. துன்பத்தைச் சொல்லும்போது பெரிதாகச் சொன்னால் என்ன என்பது ஒன்று. அணி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உடல் முழுதும் அணிந்தபின் உடலே தெரியாமற் போவதைத்தான் வேண்டாம் என்கிறோம். எல்லா வீழ்ச்சியும் அதலபாதாளமே என்றால், சிறு நட்டமும் பெருங்கொலையும் ஒரே அளவாகிவிடும். பிறகு மெய்யாகவே பேரழிவு வரும்போது எழுத்தாளன் கையில் சொல் இராது.

மற்றொன்று, பள்ளம் என்பது மிகச் சாதாரணச் சொல். அதில் ஆழம் தோன்றவில்லை என்பது. சொல்லின் ஆழம் அதன் ஓசையில் இல்லை. அதைச் சூழ எழுதப்படும் விவரத்தில் இருக்கிறது. பள்ளம் என்று எழுதி, அது எத்தனை அடி, எவர் வெட்டியது, மண் எந்தக் கரைக்குப் போயிற்று என்று மூன்று வரி சேர்த்து எழுதுங்கள். படிப்பவர் நெஞ்சு நடுங்குகிறதா இல்லையா என்று பாருங்கள்.

இவ்வளவும் பிறர் தோண்டிய பள்ளங்களைப் பற்றியது. நாமே தோண்டியவற்றை மறைப்பது நேர்மையன்று. கடல் கடந்து வந்தபோது நம்மவர் மூட்டைமுடிச்சோடு சாதியையும் கட்டிக்கொண்டு வந்தனர். ஒரே லயத்தில், ஒரே பெரட்டுக்கு எழுந்து, ஒரே மரத்துப் பாலை வெட்டியவர்கள், தண்ணீர்க் குவளையில் வேற்றுமை பார்த்தார்கள். பெண் கொடுப்பதில் வேற்றுமை பார்த்தார்கள். அதனைப் படைப்பு என்றும் முன்வினை என்றும் சொன்னவர்கள் கையாண்டதும் அடியற்ற பாதாளத்தின் மொழியே. அதுவும் வெட்டப்பட்ட பள்ளந்தான். ஒருவனுடைய மேட்டில் மற்றொருவனுடைய மண் இருக்கிறது.

பட்டணத்து அன்பர்களுக்கும் ஒரு சொல். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. லயங்கள் காலியாயின, தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணம் சேர்ந்தனர். அவர்களிற் சிலர் படித்து முன்னேறியபின் பழைய தோட்டத்தைப் பற்றி எழுதும்போது, தாம் பாதாளத்திலிருந்து மீண்டு வந்ததாக எழுதுகின்றனர். அவர்கள் ஏறிவந்தது உண்மை, அதற்காக மகிழ்கிறோம். ஆனால் விட்டுவந்த இடத்தைப் பாதாளம் என்று எழுதினால், அங்கே இன்னும் இருப்பவர் யார்? பாதாளவாசிகளா? வாலியின் தம்பியைப் போல வாயிலில் குன்றை வைத்துவிட்டு வந்தவராகி விடுகிறார் அவ்வெழுத்தாளர். பள்ளம் என்று எழுதுவாராயின், தாம் நிற்கும் மேட்டின் மண்ணைப் பற்றியும் ஒரு வரி எழுதியே தீரவேண்டும். கடினமான வரிதான். அதை எழுதுவதற்காகவே இலக்கியம் இருக்கிறது.

ஆதலின் எழுதுவோரையும் பேசுவோரையும் நாம் கேட்டுக்கொள்வது இதுவே. அதலபாதாளத்தைப் புராணம் படிப்போர்க்கு விட்டுவிடுங்கள். இடைவெளியை அச்சுக்கோப்போர்க்கு விட்டுவிடுங்கள். இயற்கையாய் உள்ளதை விடர் என்று சொல்லுங்கள். பிரித்ததைப் பிளவு என்று சொல்லுங்கள். வெட்டியதை வெட்டு என்றே சொல்லுங்கள். ஒரு புறத்து மண்ணால் மறுபுறம் உயர்ந்திருக்குமாயின் அதைப் பள்ளம் என்று சொல்லுங்கள். பள்ளத்துக்கு அடி உண்டு. அடி உள்ளதை அளக்கலாம், அளந்ததை நிரப்பலாம். நிரப்புவதற்கு வேண்டிய மண் வேறெங்கும் இல்லை, கரைமேலேயே இருக்கிறது.